மலையைப் பார்த்த காற்றுத்துளைகள்

அல்ஃபீயஸ் டேலி கட்டிய புயலறை எதுவாக இருந்தாலும் அதன் காற்றுத்துளைகள் மலைப் பக்கம்தான் இருக்கும். கூரைக்கு ஒரு சாண் கீழே, ஒரே வரிசையில் ஐந்து துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கை நுழையும். ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"புயல் கடல்லேருந்து வரும். மலைப் பக்கத்திலேருந்து நமக்கு என்னைக்கு எது வந்திருக்கு, மழைத் தண்ணியைத் தவிர?"

மொன்செராட்டில் இதற்கு மறுபேச்சு பேச ஆள் கிடையாது. பத்து மைல் நீளம், ஆறேழு மைல் அகலம், அவ்வளவுதான் தீவு. எந்த வாசலில் நின்றாலும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. கடலைப் பார்த்துப் பயப்படவும், மலைக்கு முதுகைக் கொடுத்துத் தூங்கவும் பிறந்ததிலிருந்தே பழகிய சனங்கள்.

அல்ஃபீயஸ் பிறந்தது கேபிஸ் கிரவுண்டில், மலையின் வடகிழக்குச் சரிவில். அப்பா நத்தானியேல் டேலி பருத்தி எஸ்டேட் கூலி. பருத்தி படுத்துக்கொண்டதும் ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது, மூன்றாவதற்கு வரவில்லை. பிர்மிங்காமில் அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று பின்னால்தான் தெரிந்தது. அம்மா கெசியா, ஸ்வீனி வீட்டுப் பெண். கெசியாவின் அண்ணன் மகன்தான் ஹெஸ்கையா ஸ்வீனி, ஊர் வாயில் ஹெஸ்கி. அல்ஃபீயஸுக்கும் ஹெஸ்கிக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம். அம்மைக் காய்ச்சல்கூட இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் போட்டது. அல்ஃபீயஸுக்குக் கூடப்பிறந்தது ஒரே தங்கை, டோர்க்கஸ். அப்பா கப்பல் ஏறியபோது அவள் கைக்குழந்தை. அப்பாவின் முகம் அவளுக்குப் படத்தில் பார்த்ததுதான்.

பதின்மூன்று வயதில் அல்ஃபீயஸ் கலவை சுமக்கப் போனார். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வேலையில் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள் மேற்குச் சரிவில் நிலம் வாங்கி, நீச்சல் குளத்தோடு வீடு கட்ட ஆரம்பித்திருந்த காலம். பருத்திக்குப் பிறகு தீவில் பிழைப்பு என்றால் அதுதான். அவர்களுக்குச் சுவர் எழுப்ப வேண்டும், அவர்கள் தோட்டத்துப் புல்லை வெட்ட வேண்டும், படிப்பு ஏறியிருந்தால் அரசாங்க ஆபீசில் உட்கார வேண்டும். அல்ஃபீயஸுக்குப் படிப்பு ஏறவில்லை. நூல் பிடிக்காமலே நேர்க்கோட்டில் கல் வைக்கிற கை மட்டும் இருந்தது. முப்பது வயதுக்குள் ஊர் அவரை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அவருக்கு நாற்பத்தொன்று ஆனபோது ஹியூகோ புயல் வந்தது. முதல் அரைமணி நேரத்திலேயே தகரக் கூரை பறந்தது. அம்மாவை முதுகில் போட்டுக்கொண்டு, டோர்க்கஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வீட்டுக்கு அடியிலிருந்த மழைநீர்த் தொட்டிக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர், தலைக்கு மேல் கான்கிரீட் மூடி. மூன்று பேரும் விடியும்வரை அதற்குள் நின்றார்கள். வெளியே வந்து பார்த்தால் ஊரில் ஒரு கூரை இல்லை, ஒரு மரத்தில் ஓர் இலை இல்லை. தொட்டியில் மட்டும் ஒரு கீறல் விழவில்லை.

அந்தக் குளிரில் பிடித்த சளியிலேயே கெசியா மறுவருஷம் போய்ச் சேர்ந்தாள். அவளை அடக்கம் செய்த வாரம் அல்ஃபீயஸ் தன் முதல் புயலறைக்கு அஸ்திவாரம் தோண்டினார். தங்கை வீட்டோடு ஒட்டி, தண்ணீர் இல்லாமல், தரைக்கு மேலே நிற்கிற தொட்டி. ஓரடிக் கனத்தில் கம்பி பின்னிய சுவர், மேலே கான்கிரீட் தளம், இழைத்த வைரம் பாய்ந்த மரக் கதவு, உள்ளே மூன்று இரும்புத் தாழ்ப்பாள். உள்ளேயிருந்து சாத்தினால் வெளியே இருந்து பிசாசு வந்தாலும் திறக்க முடியாது. கதவின் கீலைச் சுவருக்குள் புதைக்க ஒரு வழி வைத்திருந்தார். கீல் பக்கம், கீழிருந்து மூன்றாவது கல் மட்டும் சிமென்ட் இல்லாமல் சுண்ணாம்புக் கலவையில் இருக்கும். அந்தக் கல்லைத் தட்டி எடுத்தால் கதவு கழன்று கையோடு வரும். இது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

ஐந்து வருஷத்தில் தீவெங்கும் பதினோரு அறை கட்டினார். கேபிஸ் கிரவுண்டில் இரண்டு. ஒன்று டோர்க்கஸுடையது, இன்னொன்று ஹெஸ்கியுடையது. கைவேலையில் சிறந்தது ஹெஸ்கியின் அறைதான். கடைசித் துளையைப் பூசி முடித்த அன்று ஹெஸ்கி ஆட்டுக்கறிக் குழம்பு காய்ச்சி ஊரைக் கூப்பிட்டார்.

"மச்சான், இதுக்குள்ள நான் போயிட்டா கர்த்தரே வந்து கூப்பிட்டாலும் கேக்காது போலிருக்கே!"

"அதுக்குத்தான் துளை வச்சிருக்கேன்," என்றார் அல்ஃபீயஸ். "காது அந்தப் பக்கம் வை."

எல்லாரும் சிரித்தார்கள். துளைகளுக்கு நேர் எதிரே மலை பச்சையாக நின்றது.

ஹியூகோ போய் ஆறாவது வருஷம், ஜூலை மாதத்தில், மலை விழித்துக்கொண்டது. முதலில் ஒரு நாள் பகலில் சாம்பல் தூவியது. துணியை உள்ளே எடுத்தார்கள், சாம்பல் நின்றதும் மறுபடி காயப்போட்டார்கள். அடுத்த மாதம் தலைநகரம் பிளிமத் மதியத்தில் இருட்டியது. ஆஸ்பத்திரி, கஜானா, சந்தை, துறைமுகம் என்று மொத்த அரசாங்கமும் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போனது. தீவில் இருந்த பதினோராயிரம் பேரில் பாதிக்கு மேல் கப்பல் ஏறியாயிற்று. அல்ஃபீயஸின் மனைவி வெர்னா பாஸ்டனில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போனாள். கவர்னரும் மந்திரிமாரும் உட்கார்ந்து தீவின் படத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்குத் தெற்கே யாரும் இருக்கக் கூடாது. கேபிஸ் கிரவுண்டு தெற்கே இருந்தது.

டோர்க்கஸும் அல்ஃபீயஸும் வடக்கே ஒரு தேவாலயக் கூடத்தில் ஒதுங்கினார்கள். கயிற்றில் தொங்கும் படுக்கைவிரிப்புதான் ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் நடுவே சுவர். டப்பா மீன், டப்பா பால், டப்பா பீன்ஸ். இங்கிலாந்துக்குப் போக விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஓர் அதிகாரி தாளோடு வந்து நின்றார்.

"பிர்மிங்காமுக்கா?" என்றாள் டோர்க்கஸ். "அங்கே ஏற்கெனவே ஒரு டேலி போனார் சார். இன்னும் திரும்பி வரலே."

அவளுக்கு வேண்டியதெல்லாம் அவளுடைய நிலம்தான். வடக்கே மண் கல்லும் முள்ளும். சந்தைக்கு வருகிற கேரட்டும் சர்க்கரைவள்ளியும் முக்கால்வாசி கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. சாம்பல் விழுந்த மண்ணில் கிழங்கு முன்னைவிடப் பெரிதாக விளைந்தது வேறு. கேபிஸ் கிரவுண்டு ஆட்கள் ஏழு பேர் காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். டோர்க்கஸ், ஹெஸ்கி, வில்லியம் கேபி, அவன் பெண்டாட்டி ஆலிவ், இன்னும் மூன்று பேர். கோட்டில் ஒரு தடுப்புக் கட்டையும், கட்டைக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள் ஃபென்டனும்.

"எங்கே கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

"கவர்னர் வீட்டுக்கு டீ குடிக்க," என்பார் ஹெஸ்கி. "வர்றியா தம்பி?"

"தாண்டக் கூடாதுன்னு சட்டம், மாமா."

"கோடு போட்டது லண்டன் பேனா. மலைக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியுமான்னு முதல்ல கேட்டுட்டு வா. அது சரி, நேத்து உங்க வீட்டுல வெந்தது யாரோட கிழங்கு?"

ஃபென்டன் கட்டையைத் தூக்கமாட்டான். அவர்கள் குனிந்து நுழையும்போது கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவர்களுடைய தைரியமெல்லாம் அந்த இரண்டு அறைகள்தான். அதைக் கொடுத்தவர் அல்ஃபீயஸ். அவரே கூடப் போய், கடைசிக் கேரட் பாத்தியிலிருந்து அறை வாசலுக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்தார். தண்ணீர்க் குடம், ஈரத்துணி, மெழுகுவத்தி எல்லாம் உள்ளே வைக்கச் சொன்னார். "மலை சத்தம் போட்டா எது பக்கமோ அதுக்குள்ள ஓடு. கதவைச் சாத்து. தரையில படு. இன்னொரு ஹியூகோ வந்தாலும் அசையாது." பெல் ஓடையைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் சொன்னார். மலையிலிருந்து எது வந்தாலும் ஓடை வழியாகத்தான் வரும் என்பது அங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். ஓடை காலி என்றால் பயமில்லை.

இரண்டாவது வருஷம் மே மாதம் மலையைக் கவனிக்கிற ஆய்வு நிலையத்தில் அவருக்கு ஒரு வாரம் வேலை கிடைத்தது. கருவி ஒன்றை நிறுத்தக் கான்கிரீட் மேடை போட வேண்டும். டிரினிடாடிலிருந்து வந்திருந்த மிஸ் ராம்தீன் என்ற பெண் பக்கத்தில் நின்று அளவு சொன்னாள்.

"மேஸ்திரி, உங்க ஊர்க்காரங்க இன்னும் உள்ளே போறாங்களாமே?"

"போறாங்க மிஸ். நீங்க கவலைப்படாதீங்க. நான் கட்டின அறை இருக்கு." சொல்லும்போதே அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. சுவரின் கனம், கம்பியின் கனம், கதவு, தாழ்ப்பாள் எல்லாம் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"காத்துக்கு வழி?"

"அது இல்லாம முடியுமா? அழுத்தத்துல தளமே தெறிச்சுடும். அஞ்சு துளை வச்சிருக்கேன்."

"எந்தப் பக்கம் பார்த்து?"

அல்ஃபீயஸ் வாயைத் திறந்தார். அறுநூறு தடவை சொன்ன பதில் வரவில்லை. கொத்துக்கரண்டியைப் பிடித்திருந்த கையால் மலையைக் காட்டினார்.

மிஸ் ராம்தீன் உள்ளே போய் ஒரு புகைப்படம் எடுத்து வந்தாள். மலையின் மறுபக்கத்தில், ஆள் இல்லாத பள்ளத்தாக்கில் எடுத்தது. "இது ஓடையில வர்ற கல்லும் சாம்பலும். இது உங்களுக்குத் தெரியும். இதுக்கு மேல பாருங்க, புகை மாதிரி. இது புகை இல்லை. இது தனியாப் பிரிஞ்சு கரை ஏறி வரும். ஓடை வளைஞ்சாலும் இது வளையாது. பெரிசா சத்தமும் இருக்காது. அடுப்புக்குள்ள இருக்கிற சூடு, மேஸ்திரி."

"என் சுவர் தாங்கும்."

"தாங்கும். உங்க சுவர் நிக்கும். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

"அப்போ உள்ளே?"

அவள் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை ஓரத்தில் துடைத்தாள். "மேட்டுக்கு ஓடச் சொல்லுங்க. ஓடையைவிட்டு, நேரா மேலே. அறைக்குள்ள மட்டும் போக வேண்டாம்னு சொல்லுங்க."

மேடையின் ஓரத்தை அவர் இழைத்து முடித்தார். ஒரு நூல் பிசகவில்லை. கூலி வாங்காமலே கூடத்துக்கு நடந்தார் என்று அங்கே சமையல் செய்த பெண் சொன்னாள்.

மறுநாள் கேபிஸ் கிரவுண்டுக்குப் போனவர்களோடு அவரும் போனார், தோளில் சம்மட்டியோடு. யாரும் எதற்கென்று கேட்கவில்லை. வேலி முளை அடிக்க என்று நினைத்தார்கள். ஊர் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. சாம்பலோடு பெய்த மழை தகரத்தையெல்லாம் அரித்து, கூரைகள் சல்லடையாகத் தொங்கின. ஆட்கள் விட்டுப்போன நாய்கள் தூரத்தில் நின்று பார்த்தன, குரைக்கவில்லை. வாசல்களில் பித்தளைக் கைப்பிடிகள் கரியாகக் கறுத்திருந்தன. அழுகிய முட்டை வாடை மூக்கைவிட்டுப் போகவே இல்லை. ஈரப்பலா மரங்களில் காய் இருந்தது, அதைக் கொத்தப் பறவை இல்லை. பெல் ஓடை வறண்டு கிடந்தது. அதில் மே மாத வறட்சியிலும் தண்ணீர் ஓடாமல் அவர் பார்த்ததில்லை.

டோர்க்கஸ் பாத்தியில் குனிந்திருந்தபோது முதல் அடி விழுந்த சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். கதவு தரையில் கிடந்தது. அவர் அதைப் பிளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே! உனக்குக் கிறுக்கு பிடிச்சுருச்சா? அண்ணே!"

"இது அறை இல்லை, டோர்க்கஸ். இது அடுப்பு."

"யார் சொன்னது? அந்த டிரினிடாட் பொண்ணா? ரெண்டு வருஷமா இந்தக் கதவை நம்பித்தானே இங்கே குனிஞ்சு நிமிர்றேன்! நீதானே சொன்னே, எட்டு எண்ணி எண்ணி!"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நானே சொல்றேன். மலை வந்தா பழைய கரும்பு மில் மேட்டுக்கு ஓடு."

"மேட்டுக்கு! வெட்டவெளியில, ஆடு மாதிரி!" அவள் ஒரு மரத்துண்டை எடுத்து அவர்மேல் எறிந்தாள். அது தோளில் பட்டது. "அம்மா குளிர்ல செத்தா, அந்தத் தொட்டிதான் நம்ம ரெண்டு பேரையும் வச்சிருந்துச்சு. நீ அம்மா பேர்ல கட்டினதுதானே இது? இனிமே எங்கிட்டப் பேசாதே."

அவளும் பேசவில்லை. அன்று மாலை கூடத்தில் படுக்கைவிரிப்பை இழுத்து இருவருக்கும் நடுவே கட்டினாள்.

அதற்கு முன், அன்று பகலிலேயே, ஹெஸ்கி தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தார். மடியில் வெட்டுக்கத்தி.

"வா மச்சான். உன் தங்கச்சி கதவை உடைச்சது உங்க குடும்பச் சண்டை. இது நான் கூலி கொடுத்துக் கட்டினது."

"கூலியைத் திருப்பித் தர்றேன்."

"கதவைத் திருப்பித் தருவியா? மார்த்தினிக் தீவுல மலை வெடிச்சப்போ ஊர் முழுக்க எரிஞ்சுது, ஜெயில் அறைக்குள்ள கிடந்த ஒரு கைதி மட்டும் பிழைச்சான். எங்க தாத்தா சொல்லியிருக்கார். கனமான சுவர், சின்ன துளை. இதே மாதிரி."

"முப்பதாயிரம் பேர் செத்தாங்க, ஹெஸ்கி."

"அவங்ககிட்டல்லாம் டேலி மேஸ்திரி கட்டின அறை இல்லே." சொல்லிவிட்டு ஹெஸ்கி சிரித்தார். அல்ஃபீயஸ் சிரிக்கவில்லை.

"துளை மலையைப் பார்க்குது, மச்சான். அது என் தப்பு. கல்லை வச்சு அடைச்சுத் தரவா? அடைச்சா உள்ள மூச்சு முட்டும். அடைக்கலேன்னா..."

"சாக்கு இருக்கு. நனைச்சுத் திணிச்சுக்குறேன். போ, போய் உன் தங்கச்சியைச் சமாதானம் பண்ணு."

அதற்குப் பிறகு அல்ஃபீயஸ் தினமும் அவர்களோடு போனார். வேலை ஒன்றும் இல்லை. இடிந்த கரும்பு மில் கோபுரம் நிற்கிற மேட்டில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பார். இறங்கி வந்து ஒவ்வொருவரிடமும் மேட்டைக் காட்டிச் சொல்வார். மூன்று பேர் சரி என்றார்கள். வில்லியமும் ஆலிவும் ஹெஸ்கியின் அறைக்குப் பக்கத்து நிலக்காரர்கள், அவர்கள் ஹெஸ்கி பக்கம். டோர்க்கஸ் அவரைப் பார்த்தால் மண்ணைப் பார்த்துக்கொண்டு ஆலிவிடம் பேசுவாள்.

"ஆலிவ், ஹெஸ்கி மச்சான் அறையில உங்களோட எனக்கும் ஒரு மூலை இருக்கும்ல?"

"இருக்கும் அக்கா."

அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் சத்தமாகக் கேட்பாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள். வெயில் சுத்தமாக இருந்தது. மலைமேல் ஒரு வெள்ளைக் குடுமி, அதுகூட வழக்கம்தான். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அல்ஃபீயஸ் இன்னொரு தடவை ஹெஸ்கியிடம் பேசிப் பார்க்கலாம் என்று மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பாதி வழியில் நாய்கள் எதிரே ஏறி வந்தன. ஏழெட்டு நாய்கள், ஒன்றை ஒன்று பார்க்காமல், அவரையும் பார்க்காமல், மேட்டை நோக்கி.

நிமிர்ந்து பார்த்தார். மலையின் தோளிலிருந்து ஏதோ கழன்று சரிந்தது. சாம்பல் நிறத்தில், உருண்டு, மடிந்து, காலிஃபிளவர் பூத்த மாதிரி வீங்கிக்கொண்டே. சத்தம் இல்லை. லாரி ஒன்று எங்கோ தூரத்தில் ஏற்றம் ஏறுவது போல ஓர் உறுமல், அவ்வளவுதான்.

"மேட்டுக்கு! மேட்டுக்கு ஓடுங்க!"

மூன்று பேர் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். டோர்க்கஸ் நிமிர்ந்து, முதலில் ஓடையைப் பார்த்தாள். ஓடை காலியாக இருந்தது. ஒரு கணம் அப்படியே நின்றாள். அதற்குள் அது வளைவுக்கு வந்து, ஓடையோடு கீழே ஒரு பாதி போக, மேலே ஒரு பாதி வளையாமல் நேரே கரை ஏறியது.

"டோர்க்கஸ்! இங்கே வா! சீக்கிரம்!" ஹெஸ்கி வாசலில் நின்று கையை வீசினார். வில்லியமும் ஆலிவும் உள்ளே போயாயிற்று. அவரது அறை அவளிடமிருந்து அறுபது எட்டு. மேடு இருநூறு. அவள் அறையை நோக்கி ஓடினாள்.

அல்ஃபீயஸ் சரிவில் விழுந்து எழுந்து குறுக்கே பாய்ந்தார். வாசலுக்கு இருபது எட்டு இருக்கும்போது அவள் பாவாடையைப் பிடித்தார். அவள் திரும்பி அவர் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. விடவில்லை.

"விடு! விடுடா என்னை! ஹெஸ்கி மச்சான், இவனைப் பாரு!"

"மச்சான், அவளை விடு! நீயும் உள்ளே வா!" என்று ஹெஸ்கி கத்தினார். அவர் முகம் அல்ஃபீயஸைப் பார்க்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலே எதையோ பார்த்தது. "வாங்கடா! இதுக்கு மேல நான் திறந்து வைக்க முடியாது!"

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள்கள் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணெய் போட்ட இரும்பு, கரகரப்பு இல்லாமல் விழுந்தது.

போக இனி ஓர் இடம்தான். டோர்க்கஸ் கடிப்பதை நிறுத்தினாள். இருவரும் ஓடினார்கள். அவளுக்கு ஒரு செருப்பு கழன்றது. முதுகில் முதலில் வெதுவெதுப்பு, பிறகு உலை மூடியைத் திறந்த மாதிரி அனல். மில் கோபுரத்தின் கல்லுக்குப் பின்னால் விழுந்து, அவளைக் கீழே போட்டு, அவர் மேலே படுத்தார். பகல் அணைந்துபோனது.

வெளிச்சம் திரும்ப வந்தபோது, கோபுரத்துக்கு முப்பது எட்டுக் கீழே எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. பாத்தி இல்லை, வேலி இல்லை, ஓடை இல்லை. மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. நடுவில் ஹெஸ்கியின் அறை நின்றது. சதுரமாக, மூலை பிசகாமல்.

ஹெலிகாப்டர் வந்து, முன்பே மேடேறியிருந்த மூன்று பேரோடு அவர்களையும் எடுத்தது. டோர்க்கஸுக்கு இரண்டு பாதமும் வெந்திருந்தது. அவருக்கு முதுகும் கையும். பள்ளிக்கூடத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவே துணி கட்ட அவள் சொல்லவில்லை. பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் கான்ஸ்டபிள் ஃபென்டன் வந்தான். பூட்ஸ் அடி உருகியிருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேஸ்திரி... நாங்க அங்கே போயிருந்தோம். இறங்கி நிக்க அஞ்சு நிமிஷம்தான் தர்றாங்க, தரை இன்னும் கொதிக்குது. கடப்பாரை போட்டோம். கோடாலி போட்டோம். கதவு அசையலே."

அல்ஃபீயஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளேருந்து குரல்?"

"இல்லே, மேஸ்திரி."

ஒரு நர்ஸ் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"கீல் பக்கம்," என்றார் அல்ஃபீயஸ். "கீழேருந்து மூணாவது கல்லு. சம்மட்டி வேண்டாம். சுத்தியலே போதும். மெதுவாத் தட்டு. கதவு உன் கையோட வரும்."

ஃபென்டன் பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். மூணு, கீல்.

"தம்பி."

"சொல்லுங்க."

"துளையில சாக்கு இருந்துச்சா? வெளியேருந்து பாத்தியா?"

"சாக்கா? துளையெல்லாம் திறந்துதான் இருந்துச்சு மேஸ்திரி. ஓரத்துல கொஞ்சம் கரி."

அவன் போன பிறகு டோர்க்கஸ் கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றாமல், கட்டில் கம்பியைப் பிடித்து நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டில் அவள் பல் பட்ட இடம் கறுத்திருந்தது. அதைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆலிவ்கிட்ட ஒரு மூலை கேட்டிருந்தேன், அண்ணே," என்றாள்.

அதற்குப் பின்னும் அல்ஃபீயஸ் தீவைவிட்டுப் போகவில்லை. வெர்னா பாஸ்டனிலிருந்து மூன்று தடவை டிக்கெட் அனுப்பினாள். மூன்றும் டோர்க்கஸின் தகரப்பெட்டியில் கிடக்கிறது. வடக்கே புதிதாக எழுந்த வீடுகளில் பாதி அவர் எழுப்பியது. புயல் எப்படியும் வரும், அதனால் புயலறை கேட்பார்கள், அவரும் கட்டுவார். ஆனால் எல்லா அறைக்கும் எதிரெதிரே இரண்டு கதவு. தாழ்ப்பாள் ஒன்றுதான், அது வெளியிலிருந்தும் திறக்கும். துளைகளை எந்தப் பக்கம் வைப்பது என்று வீட்டுக்காரரையே கேட்பார். அவர்கள் ஒரு பக்கத்தைக் காட்டினால், ஏன் அந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறவர்கள் அடுத்த மாதம் வரவேண்டியதுதான்.

மலை இன்னும் அடங்கவில்லை. சில வருஷம் புகை, சில வருஷம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத வருஷத்தில்தான் அவர் சரியாகச் சாப்பிடமாட்டார் என்று டோர்க்கஸ் சொல்வாள். கேபிஸ் கிரவுண்டுக்குக் கீழே கிழக்குக் கரையோரம் மீன் பிடிக்கப் படகில் போகிறவர்கள் திரும்பி வந்து அவர் வேலை செய்கிற இடத்தைத் தாண்டிப் போவார்கள். அவர் தலை நிமிராமலே கேட்பார்.

"இன்னும் நிக்குதா?"

"நிக்குது மேஸ்திரி. தண்ணியிலேருந்தே தெரியுது. ஒரு கீறல் இல்லே."

அன்றைக்கு அதற்கு மேல் அவர் கல் வைக்கமாட்டார்.